ஏசி காஸ் எத்தனை நாளில் இறங்குகிறது? பழைய காரில் லீக் தேடும் முறைகள், ஓர் ஒப்பீடு

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு கொரோலா 110. வீடு வெள்ளவத்தையில், வேலை மருதானையில். பகல் ஒரு மணிக்குக் காலி வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் நகராமல் நிற்கும்போது ஏசியில் வெறும் காற்று வந்தால் எப்படி இருக்கும் என்று கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மழைக்காலத்தில் இன்னும் கஷ்டம். முன் கண்ணாடியில் படியும் ஆவியை ஏசி இல்லாமல் போக்குவது பெரும்பாடு, பக்கக் கண்ணாடியை இறக்கினால் மழை உள்ளே வரும்.

ஒரு கட்டத்தில் ஆறு மாதத்துக்குள் நான்கு தடவை காஸ் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஐந்து வாரம் நன்றாகக் குளிர்ந்தது, பிறகு மெல்ல மெல்ல ஒன்றுமில்லாமல் போனது. நான்காம் தடவை அந்தக் கராஜில், "கூலிங் கொயில் போயிட்டுது, டாஷ்போர்ட் முழுக்கக் கழட்டவேணும்" என்றார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்து காற்றைக் குளிர்விக்கும் கொயில் அது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "வெளியில லீக் ஒண்டும் தெரியேல்ல. அப்ப உள்ளுக்குத்தான்" என்று பதில் வந்தது. ஒரு சோதனையும் செய்யவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு கொட்டாஞ்சேனையில் ஏசி வேலை மட்டும் செய்யும் ஒரு பாஸிடம் போனேன். பொனட்டைத் திறக்க முன்னரே அவர் கேட்டது: "காஸ் அடிச்சா எத்தனை நாள் நிக்குது தம்பி?"

லீக் தேட ஐந்தாறு முறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இதுதான் சிறந்தது என்று அடித்துச் சொல்ல ஒரு கராஜ் இருக்கும். எந்த முறைக்குக் காசு கொடுப்பது என்பதைக் காஸ் இறங்கும் வேகத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து என் உறுதியான எண்ணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய வாகனம் எங்களில் பலருக்கு எட்டாத விலை. இருபத்தைந்து வயதுக் காரைத்தான் இன்னும் பல வருடம் ஓடப்போகிறோம் என்றால், அதன் ஏசியை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிடுவது நல்லது.

கேஜ் சொல்லாத விஷயம்

காஸ் இருக்கிறதா என்று பார்க்க, நிற்கும் வாகனத்தில் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டி, "95 காட்டுது, காஸ் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். நானும் இதை நம்பியிருந்தேன். என்னுடையதுபோன்ற கார்களின் ஏசியில் ஓடும் ஆர் 134ஏ காஸ் 30 பாகை செல்சியஸில் நிற்கும்போது ஏறக்குறைய 95 முதல் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தம் காட்டும். உள்ளே 600 கிராம் இருந்தாலும் அதுதான், 200 கிராம் இருந்தாலும் அதுதான். சிறிதளவு திரவம் மீதியிருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல. வீட்டில் சமையல் காஸ் சிலிண்டர் முடியும் நாள்வரை அடுப்பு ஒரே மாதிரி எரிவதும் இதனால்தான்.

அளவை அறிய ஒரே வழி நிறுப்பது. மீட்டெடுக்கும் மெஷின் உள்ள கராஜில், உள்ளே மிஞ்சிய காஸை இழுத்தெடுத்து எத்தனை கிராம் என்று சொல்வார்கள். பொனட்டின் உட்புறத்திலோ முன்புறச் சட்டத்திலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கவேண்டிய அளவு அச்சிட்டிருக்கும். சாதாரண சலூன் காருக்குப் பெரும்பாலும் 450 முதல் 700 கிராம் வரை, பின் ஏசியும் உள்ள வேனுக்கு அதைவிட அதிகம். இரண்டையும் கழித்து, கடைசியாக அடித்த திகதியையும் சேர்த்துப் பார்த்தால் வாரத்துக்கு எத்தனை கிராம் போகிறது என்று தெரிந்துவிடும். என் காரில் ஐந்து வாரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் கொண்டுவந்த விதியில் புதிய வாகனங்களுக்கே ஆண்டுக்கு 40 கிராம் வரை கசிவை ஏற்றுக்கொண்டார்கள், இரட்டை ஏசிக்கு 60 கிராம். ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆகவே பழைய கார் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை காஸ் கேட்டால் அதைப் பிழை என்றே சொல்ல முடியாது.

காசு செலவில்லாத முதற்சோதனை

எந்த மெஷினையும் தொடமுன் கண்ணும் விரலும் போதும். காஸோடு ஒயிலும் சேர்ந்துதான் ஓடுகிறது, காஸ் கசியும் இடத்தில் ஒயிலும் கசியும். அதில் தூசி ஒட்டிக் கறுப்பாக, தொட்டால் பிசுபிசுப்பாக ஒரு திட்டு இருக்கும். காஸை அழுத்தும் கொம்ப்ரசரின் க்ளச்சுக்கு நேர் மேலே பொனட்டின் அடிப்பக்கத்தில் ஒயில் சிதறிய கோடு தெரிந்தால், கொம்ப்ரசரின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள ஷாஃப்ட் சீலைச் சந்தேகிக்கலாம். முன்புறம் ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சரின் கீழ் மூலைகளையும் பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடும் வாகனங்களில் உப்புக்காற்றுப் பட்டு அலுமினியத்தில் வெள்ளைப்பொடி பூத்திருக்கும், அதன் நடுவே ஒயில் ஈரம் தெரிந்தால் தேடல் அங்கேயே முடியலாம். காஸ் ஏற்றும் இரண்டு வால்வுகளுக்கும் மூடி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பழைய கார்களில் இந்த மூடிகள் காணாமற் போயிருப்பது சர்வசாதாரணம். உள்ளே இருக்கும் சின்ன ஊசி வால்வ் நூறு வீதம் பிடிக்காது, மூடிதான் கடைசித் தடுப்பு.

இனி முறைகள்.

சவர்க்காரத் தண்ணி

பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் பூசுவது. செலவு இல்லை, பொய் சொல்லாது. குமிழி வந்தால் அது லீக்தான். ஆனால் கை எட்டும் இடத்துக்கு மட்டுமே உதவும், மிக மெதுவான கசிவைக் காட்டாது. ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏசி ஓடும்போது தாழ் அழுத்தப் பக்கத்தில் 30 பிஎஸ்ஐ அளவுதான் இருக்கும். அணைத்துவிட்டுச் சிறிது நேரம் போனால் அதே குழாயில் 95 வரை ஏறிவிடும். எனவே தாழ் அழுத்தக் குழாய்களையும் கூலிங் கொயிலையும் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் சோதிக்கவேண்டும். உயர் அழுத்தப் பக்கத்தை, நல்ல வெயிலில் ஓடவிட்டு 200 பிஎஸ்ஐ தாண்டிய நிலையில் அணைத்த உடனே பார்க்கவேண்டும். பல கராஜ்களில் எல்லாவற்றையும் ஓடவிட்டே பார்த்து, "லீக் இல்லை" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

நைதரசன்

என் காருக்குக் கொட்டாஞ்சேனை பாஸ் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஐந்து வாரத்தில் பாதி போகும் லீக் பெரிய லீக், அதற்குப் புதிய காஸை ஏற்றித் தேடுவது வீண் செலவு என்றார். மிஞ்சிய காஸை மெஷினில் இழுத்துவிட்டு, ரெகுலேற்றர் வழியாக உலர்ந்த நைதரசனை 150 பிஎஸ்ஐ வரை ஏற்றினார். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் அதைப்போல பல மடங்கு, ரெகுலேற்றர் இல்லாமல் திறந்தால் உயிருக்கே ஆபத்து. நைதரசனுக்குப் பதில் வெல்டிங் ஒட்சிசனை ஒருபோதும் ஏற்றக்கூடாது. ஒயிலோடு சேர்ந்தால் அது வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம், அதில் ஈரம் இருக்கிறது.

பிறகு அந்தத் தூரிகை. கொம்ப்ரசரிலிருந்து கொண்டென்சருக்குப் போகும் ஹோஸை அலுமினியக் குழாயோடு நசுக்கிப் பிடித்திருக்கும் உலோக வளையம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்ப்பக்கத்தில், கண்ணுக்கு நேரே தெரியாத இடத்தில், சிறிய கண்ணாடி ஒன்றைப் பிடித்துக் காட்டினார். முதலில் ஒன்றுமில்லை. அரை நிமிடம் கழித்து நுரை, சோற்றுக் கஞ்சி பொங்குவதுபோல, ஓரமாக வெள்ளையாக எழும்பத் தொடங்கியது. பெரிய குமிழியாக வரவில்லை, ஊசிமுனை அளவுக் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி நின்றன. துடைத்துவிட்டு மறுபடி பூசினார், மறுபடி அதே இடத்தில் வந்தது. கழற்றச் சொல்லப்பட்ட டாஷ்போர்டுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நைதரசனின் இன்னொரு நன்மை, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கேஜைப் பார்க்கலாம். ஆனால் கணக்குத் தெரிந்து பார்க்கவேண்டும். மாலையில் 35 பாகையில் 150 காட்டியது, காலையில் 28 பாகையில் லீக் எதுவும் இல்லாமலே 146 அளவில்தான் நிற்கும், குளிர்ந்த வாயு சுருங்குவதால். அந்த நான்கு பிஎஸ்ஐயைக் காட்டி லீக் இருக்கிறது என்று சொன்னால் நம்பவேண்டாம். 120க்கு இறங்கியிருந்தால் நம்பலாம். மெதுவான கசிவுக்கு நைதரசன் அவ்வளவு உதவாது, எட்டு மாதத்தில் இறங்கும் லீக் ஓர் இரவில் ஊசியை அசைக்காது.

வக்யூம் பிடித்துப் பார்ப்பதையும் லீக் சோதனை என்று சில இடங்களில் சொல்கிறார்கள். வக்யூமின் வேலை உள்ளே இருக்கும் ஈரத்தையும் காற்றையும் எடுப்பது. முழு வக்யூமில்கூட உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 14.7 பிஎஸ்ஐதான், அதுவும் வெளியிலிருந்து உள்ளே அழுத்துகிறது. ஓடும்போது 200க்கு மேல் வெளியே தள்ளும் அழுத்தத்தில் திறக்கும் விரிசல், வக்யூமில் மூடியே இருக்கலாம். வக்யூம் நின்றது, ஆகவே லீக் இல்லை என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

ஸ்னிஃபர்

மூக்குப்போல நீண்ட குழாயின் நுனியில் சென்சர் உள்ள கருவி, காஸ் பட்டால் கத்தும். நல்ல கருவி ஆண்டுக்கு 4 கிராம் கசிவைக்கூடப் பிடிக்கும். இதற்குத் துப்புரவும் பொறுமையும் வேண்டும். கடற்காற்று அடிக்கும் திறந்த வெளியில் வைத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பெற்றோல் ஆவி, பொனட்டில் அடித்த கிளீனர், உள்ளே தொங்கும் வாசனைப் பொருள் எல்லாவற்றுக்கும் பொய்யாகக் கத்தக்கூடியது. ஆர் 134ஏ காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது என்பதால் நுனியை மூட்டுக்குக் கீழே பிடித்து, செக்கனுக்கு இரண்டு மூன்று சென்றிமீற்றருக்கு மேல் போகாமல் நகர்த்தவேண்டும். அவசரமாக வீசிப் பார்ப்பவரிடம் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை.

இதன் உண்மையான பெறுமதி கூலிங் கொயில் விஷயத்தில் தெரியும். டாஷ்போர்டைக் கழற்றாமலே கொயிலைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. எஞ்சினையும் புளோவரையும் அணைத்து, கண்ணாடிகளை மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு, காருக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் நுனியைப் பிடிப்பது. தண்ணீர் சென்சருக்குள் ஏறாமல் பார்த்துக்கொண்டால் சரி. அங்கே கத்தினால் டாஷ்போர்ட் கழற்றலாம். கத்தாவிட்டால் அந்தக் கூலியைக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய காரில் டாஷ்போர்ட் ஒருதடவை இறங்கினால் காய்ந்துபோன பிளாஸ்டிக் கொக்கிகள் பல உடைந்துபோகும், பிறகு குன்றும் குழியுமான வீதியில் அது வாழ்நாள் முழுக்கக் கடகடக்கும்.

என் மச்சானின் டொல்பின் வேனில் பின் ஏசிக்குப் போகும் குழாய்கள் தரைக்கு அடியால் ஓடுகின்றன. பின் கொயில்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்னிஃபர் கத்தியது குழாயைப் பிடித்திருந்த ரப்பர் பட்டியில். பட்டிக்குள் வருடக்கணக்காகச் சேற்றுத்தண்ணீர் தேங்கி அலுமினியத்தை அரித்திருந்தது.

யூவி சாயம்

ஒயிலோடு சேரும் ஒளிரும் சாயத்தை 7 மில்லிலீற்றர் அளவில் உள்ளே செலுத்தி, ஒன்றிரண்டு வாரம் வழக்கம்போல ஓடி, பிறகு இருட்டில் யூவி டோர்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் போட்டுப் பார்ப்பது. மெதுவான, மாதக்கணக்கில் போகும் கசிவுக்கு இதுதான் என் தெரிவு. காத்திருக்கும் நேரம் அதன் பலவீனமாகத் தோன்றலாம், உண்மையில் அதுதான் அதன் பலம். வெயிலிலும் அதிர்விலும் மட்டும் திறக்கும் கசிவு, கராஜில் நிற்கும் அரைமணி நேரத்தில் வெளிப்படாது.

ஹோஸைத் திருத்தியபின் என் கார் எட்டு மாதம் குளிர்ந்தது. பிறகு கொஞ்சம் மங்கியது. மெஷினில் எடை பார்த்தபோது ஸ்டிக்கர் அளவில் மூன்றிலொரு பங்கு குறைவு. இந்த வேகத்துக்கு நைதரசன் வேண்டாம், சாயம் போடுவோம் என்று பாஸும் நானும் பேசி முடிவெடுத்தோம். இரண்டு வாரம் கழித்து இரவு எட்டு மணிக்குத் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைப் பிடித்தேன். கொம்ப்ரசர் க்ளச்சின் பின்னால், பழுத்த எலுமிச்சம்பழத்தின் நிறத்தில், ஓர் அரைவட்டம் பளிச்சென்று தெரிந்தது. ஷாஃப்ட் சீல்.

சாயத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. சேர்விஸுக்கு விட்டால் எஞ்சின் பகுதிக்குத் தண்ணீர் அடிக்கவேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள், தடயம் கழுவப்பட்டுப் போகும். முன்பு யாரோ போட்ட சாயம் இருந்தால் முதலில் துடைத்துச் சுத்தமாக்கவேண்டும், இல்லாவிட்டால் பழைய கறையைப் பார்த்து ஏமாறுவீர்கள். ப்ரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் வாகனங்களில் கொம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. சாதாரண கார்களுக்கான ஒயிலும் சாயமும் அதன் மின்காப்பைக் கெடுத்துவிடும், அதற்கென்று உள்ள வகையைத்தான் போடவேண்டும்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்பவை

லீக்கை அடைக்கும் திரவம் என்று டின்னில் விற்பவை ஈரம் பட்டால் இறுகும் தன்மையுள்ளவை. உள்ளே ஈரம் இருந்தால், காஸ் கொயிலுக்குள் போகும் சிறு துவாரமான எக்ஸ்பான்ஷன் வால்விலேயே இறுகலாம், மீட்டெடுக்கும் மெஷினையும் கெடுக்கும். பிறகு எந்த நல்ல கராஜும் உங்கள் காரில் மெஷினை மாட்டத் தயங்கும்.

மலிவான காஸ் இன்னும் பயப்படவேண்டியது. சமையல் காஸ் வகை எரிவாயுக்களை ஏற்றுவதும் நடக்கிறது. கூலிங் கொயில் கசிந்தால் அந்த வாயு பிள்ளைகள் இருக்கும் அறைக்குள்தான் வருகிறது, ஒரு தீப்பொறி போதும். போலி ஆர் 134ஏயில் மெதைல் குளோரைட் கலந்திருந்ததால், 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டிக் கொள்கலன்கள் வெடித்து மூவர் இறந்தார்கள். அது அலுமினியத்தோடு சேர்ந்து காற்றுப்பட்டாலே தீப்பற்றும் பொருளாக மாறுகிறது. எங்கள் கார்களின் கொயிலும் கொண்டென்சரும் அலுமினியம். சிலிண்டரையும் அதில் உள்ள பெயரையும் கண்ணால் பார்த்துவிட்டு ஏற்ற விடுங்கள்.

அப்படியானால் எது?

காஸ் ஐந்தாறு வாரத்துக்குள் இறங்கினாலோ, ஏற்றியும் நிற்காவிட்டாலோ, நேரே நைதரசனும் சவர்க்காரத் தண்ணியும். காஸுக்கோ சாயத்துக்கோ ஒரு சதம் கொடுக்கவேண்டாம். இரண்டு மாதம், மூன்று மாதம் நின்றால் முதலில் ஸ்னிஃபர், அது தடுமாறினால் நைதரசன். ஸ்னிஃபரால் பார்க்கும்போது தண்ணீர்க் குழாயின் வாயைப் பார்க்காமல் விடவேண்டாம். அரை வருடம், ஒரு வருடம் என்றால் சாயம். அதற்கும் மேல் என்றால் இப்போதைக்கு விட்டுவிட்டு எடை பார்த்து ஏற்றுவதே போதும் என்பது என் கருத்து. ஆனால் ஒயிலும் கூடவே போகிறது, காஸ் குறைந்தால் கொம்ப்ரசருக்கு ஒயில் திரும்பிவருவதும் குறைகிறது. அதனால் மங்கத் தொடங்கியும் மாதக்கணக்கில் ஓடுவது, கடைசியில் கொம்ப்ரசருக்கே விலை வைக்கும். வெளியே போகும் காஸும் சும்மா போவதில்லை. ஆர் 134ஏ ஒரு கிலோ, ஏறக்குறைய 1,400 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும்.

ஒரு பிரிவினர் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு முந்திய வாகனம் என்றால் அது ஆர் 12 என்ற பழைய காஸில் ஓடியதாக இருக்கும். ஏற்றும் வால்வின் வெளிப்பக்கம் திருகுபுரி இருந்தால் ஆர் 12, அழுத்திப் பூட்டும் வகையானால் 134ஏ. ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்ட்ரியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது, வளரும் நாடுகளில் ஆர் 12 உற்பத்தி 2010இல் முடிந்தது. இத்தகைய வாகனத்தில் லீக்கைத் தேடுவதும் 134ஏக்கு மாற்றுவதும் ஒரே வேலையாகச் செய்யவேண்டும். பழைய கனிய ஒயில் 134ஏயோடு கலக்காது. ஒயில், மூட்டுகளில் உள்ள ஓ ரிங் ரப்பர் வளையங்கள், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் எல்லாம் மாறும். எப்படியும் எல்லா மூட்டும் கழற்றப்படுவதால் பாதி லீக்குகள் அந்த வேலையிலேயே தீர்ந்துவிடும்.

ட்ரையரைப் பற்றி ஒரு வார்த்தை, எல்லா வாகனத்துக்கும். எந்த முறையில் லீக்கைக் கண்டுபிடித்தாலும், திருத்தக் குழாயைத் திறந்தால் ட்ரையரை மாற்றச் சொல்லுங்கள். கொழும்புக் காற்றின் ஈரத்தில் அது திறந்த சில மணித்தியாலத்திலேயே நிரம்பிவிடும். உள்ளே தங்கிய ஈரம் காஸோடும் ஒயிலோடும் சேர்ந்து அமிலமாகி, அடுத்த லீக்கைக் கூலிங் கொயிலில் தொடங்கிவைக்கும். பிறகு முப்பது நாற்பது நிமிடம் வக்யூம், ஸ்டிக்கர் அளவுக்கு எடை பார்த்த காஸ். கேஜைப் பார்த்து உத்தேசமாக ஏற்றுபவரிடம் தராசு எங்கே என்று கேளுங்கள்.

என் காரின் ஹோஸை பஞ்சிகாவத்தையில் புதிய ரப்பர் போட்டு, வளையத்தை மறுபடி அழுத்தி எடுத்தோம். ஷாஃப்ட் சீலுக்கு வந்தபோது ரீகண்டிஷன் கொம்ப்ரசர் ஒன்றை மாற்றிவிடலாமே என்று யோசித்தேன். பாஸ் க்ளச்சைக் கழற்றி, ஷாஃப்டை நகத்தால் தடவிப் பார்த்தார். "கீறல் இல்ல தம்பி, சீல் மட்டும் போதும். அந்தக் கொம்ப்ரசர் எங்க கிடந்து வந்ததெண்டு யாருக்குத் தெரியும்" என்றார். சீல் மட்டும் மாற்றினோம். பொனட்டின் உட்புறம், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், திகதியும் கிராமும் எழுதிய சிறிய அட்டையொன்றை ஒட்டியிருக்கிறேன். அதில் இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. அடுத்த நிறுவை சித்திரை வெயிலுக்கு முன்னர்.